பாக்கி எவ்வளவு என்று சீட்டில் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில், பெரிய கடனை அடைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் மனம் தளராமல் இருப்பது எப்படி என்று வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் காலையில் கண்ணாடி முன்னால் நின்று 'எனக்குக் கடன் இல்லை' என்று சொல்லிப் பழகுங்கள், வெளியில் டீ குடிப்பதை விடுங்கள், ஓடிடி சந்தாவை நிறுத்துங்கள் என்றெல்லாம் படித்தபோது இவர் எந்த ஊர்க் கடன்காரரைப் பார்த்து எழுதினார் என்று கேட்கத் தோன்றியது. எங்கள் தெருவில் கடன் இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். அதில் ஒரு வீடும் டீ குடித்துக் கடனாளி ஆனதில்லை.

நான் கடலூர் முதுநகரில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. எங்கள் கடனையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவளுக்கு என்ன தெரியும் என்று ஆகிவிடும். வங்கியில் வீட்டுக்கடன். மாமனாருக்கு நெஞ்சுவலி வந்த இரவில், புதுச்சேரி ஜிப்மர் வரை தாங்காது என்று வழியிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோமே, அந்த வகையில் இரண்டு வட்டிக்கு வாங்கிய பணம். அது போதாமல் அடகு வைத்த நகை. நாத்தனார் கல்யாணத்துக்கு என் பெயரில் எடுத்த குழுக் கடன். பண்ருட்டிப் பக்கம் இருக்கும் என் பெரியம்மா குடும்பத்தின் கதை வேறு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த ஒரே காலையில் முந்திரித் தோப்பும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. புது முந்திரிக் கன்று வைத்தால் காய் பார்க்க மூன்று வருஷம், சொல்லிக்கொள்ளும்படி காய்க்க இன்னும் சில வருஷம், பலாவுக்கு அதற்கும் மேல். அந்த வருஷங்களில் அவர்கள் சாப்பிட்டதெல்லாம் கடன்தான். இதில் எந்தச் சந்தாவை நிறுத்துவது?

மனம் எங்கே உடைகிறது என்பதைத்தான் கட்டுரையாளர் பார்க்கவில்லை. செலவைக் குறைக்க முடியாமல் யாரும் சோர்ந்துபோவதில்லை, எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அது பிறந்ததிலிருந்து பழக்கம். கட்டிக்கொண்டே இருக்கிறோம், கடன் குறைகிறதா என்று மட்டும் தெரிவதில்லை, அங்கேதான் உடைகிறது. தவணை கட்டியதும் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வரும், இவ்வளவு ரூபாய் எடுக்கப்பட்டது, நன்றி என்று. அசலில் எவ்வளவு போனது, வட்டிக்கு எவ்வளவு போனது, இன்னும் எவ்வளவு பாக்கி என்று அதில் இருக்காது.

கணக்கு எழுதுகிறவள் என்பதால் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 10 லட்சம் ரூபாய், 9 சதவீத வட்டி, 20 வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை 8,997 ரூபாய். முதல் மாதம் கட்டும் அந்தப் பணத்தில் 7,500 வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 1,500 கூட இல்லை. ஐந்து வருஷம் ஒரு மாதம் தவறாமல் கட்டிய பிறகும் பாக்கி ஏறக்குறைய 8 லட்சத்து 87 ஆயிரம். பத்து வருஷம், அதாவது பாதிக் காலம் முடிந்த பிறகும் 7 லட்சத்துக்கு மேல். அசல் பாதியாகக் குறைவதற்குப் பதினாலு வருஷம் ஆகிறது! இதில் ஏமாற்று எதுவும் இல்லை, வட்டிக் கணக்கு அப்படித்தான் வேலை செய்யும், கடைசி ஆறு வருஷத்தில்தான் மீதிப் பாதி மளமளவென்று கரையும். ஆனால் இதை முதல் நாளே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால், ஏழாவது வருஷம் யதேச்சையாகப் பாக்கியைக் கேட்டுவிட்டு 'இத்தனை நாள் கட்டியது எங்கே போனது' என்று தலையில் கை வைத்து உட்காரும் நிலை வராது அல்லவா? என் கூட வேலை பார்க்கும் ஒரு அண்ணன் அப்படி உட்கார்ந்தவர்தான். அடுத்த மாதமே பைக் வாங்கத் தவணை போட்டுவிட்டார். எப்படியும் தீரப்போவதில்லை, இருக்கும்வரை அனுபவிப்போம் என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு சங்கதியும் உண்டு. ரெப்போ வட்டி, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்தது, 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. மாறும் வட்டியில் வீட்டுக்கடன் வாங்கிய பலருக்கு மாதத் தவணை அதேதான், அதனால் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டோம். உள்ளே கடன் முடிகிற வருஷம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. 7 சதவீதத்தில் 10 லட்சத்தை 20 வருஷத்துக்கு வாங்கியவரின் தவணை 7,753 ரூபாய். வாங்கிய கொஞ்ச நாளில் அதே கடன் 9.5 சதவீதம் ஆனால் ஒரு மாத வட்டி மட்டுமே 7,900 ரூபாயைத் தாண்டும். கட்டுகிற தவணை வட்டிக்கே போதாது! அப்புறம் 2025-ல் ரெப்போ படிப்படியாக 5.25 வரை இறங்கியது. இறங்கியபோது எத்தனை பேர் வங்கிக்குப் போய் என் வருஷம் குறைந்ததா என்று கேட்டார்கள்? வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொன்னது. அதே சுற்றறிக்கையில், இதுவரை கழிந்த அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, மீதி எத்தனை தவணை என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை எளிதாகப் புரியும்படி விவரம் தரவேண்டும் என்றும் இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கும் புதுக் கடன்களுக்கு, வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் முக்கிய விவரங்களைத் தாளில் தரவேண்டும். ஆக விதி எல்லாம் இருக்கிறது. நான் கிளையில் போய்க் கேட்டபோது 'ஆப்பில் பாருங்கம்மா' என்றார்கள், ஆப் முழுக்க ஆங்கிலம். விடாமல் கேட்டதில் ஒரு தம்பி அச்சடித்துக் கொடுத்தார், அசல், வட்டி, பாக்கி என்று கட்டம் கட்டமாக, கடைசித் தவணை வரைக்கும். அந்தத் தாளைக் கையில் வாங்கியதும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் முதல் தடவையாக அந்தக் கடனுக்கு ஒரு முடிவு தேதி கண்ணில் பட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு வேலை செய்தோம். பீரோ கதவின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டி, ஒவ்வொரு கடனுக்கும் அசல் பாக்கியை மட்டும் மாதத்துக்கு ஒருமுறை எழுதுகிறோம். தவணை எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பதை எழுதுவதில்லை. பாக்கி மட்டும். பழையதை அழிக்காமல் அடித்துவிட்டு, கீழே புதுசு. மாமியார் ஆரம்பத்தில் 'கடனைக் கதவுல எழுதி ஊருக்குக் காட்டுறியா' என்று கோபித்துக்கொண்டார், வருகிறவர் யாரும் எங்கள் பீரோவைத் திறந்து பார்க்கப்போவதில்லை என்றாலும். இப்போது அவர்தான் ஐந்தாம் தேதி தாண்டினால் 'இந்த மாசம் எழுதலையா' என்று கேட்கிறார். புடவை எடுக்க, சட்டை எடுக்க, ரேஷன் கார்டு எடுக்க என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை பீரோவைத் திறக்கிறோமோ அத்தனை முறை அந்த எண் கண்ணில் படுகிறது. கட்டுரையாளர் சொன்ன கண்ணாடி மந்திரத்தை விட இது எனக்கு வேலை செய்கிறது.

எந்தக் கடனை முதலில் அடைப்பது என்பதில் கட்டுரையாளரோடு எனக்குப் பாதி ஒப்புதல். சின்னக் கடனை முதலில் மூடுங்கள், ஒன்று முடிந்தால் தெம்பு வரும் என்கிறார். அது வெறும் பேச்சு இல்லை, அமெரிக்காவில் கடனில் சிக்கியவர்களின் கணக்குகளை வைத்து 2012-ல் வந்த ஓர் ஆய்வும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது, கணக்குகளை ஒவ்வொன்றாக முடித்தவர்களே மொத்தக் கடனிலிருந்தும் வெளியே வந்தது அதிகம் என்று. சரி. ஆனால் அவர்கள் ஊரில் தண்டல் உண்டா? நம் மார்க்கெட்டில் பூ விற்கிற அக்காவுக்கு 10,000 என்று பேசி 8,500-ஐக் கையில் கொடுத்து, தினம் நூறு ரூபாயாக நூறு நாள் வாங்குகிறார்கள். நூறு நாளில் 1,500 தானே என்று அந்த அக்கா நினைக்கிறார். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் அது வருஷத்துக்கு 120 சதவீத வட்டி. அதைக் கையில் வைத்துக்கொண்டு வேறு சின்னக் கடனை மூடி தெம்பு தேடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. தண்டல், மீட்டர் வட்டி, போன் ஆப்பில் வாங்கிய கடன் இருந்தால் அதுதான் முதலில், கேள்வியே வேண்டாம். அது ஒழிந்த பிறகு சின்னதை மூடுங்கள், நானும் அதையே சொல்வேன்.

இரண்டு வட்டிக் கடனில் வேறொரு பொறி. ஒரு லட்சத்துக்கு மாதம் 2,000. ஐம்பது மாதம் ஒழுங்காகக் கட்டினால் ஒரு லட்சம் கொடுத்தாயிற்று, அசல் அப்படியே உட்கார்ந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அசலைத் தருகிறோம் என்றால் கொடுத்தவர்கள் வாங்க மாட்டார்கள், 'மொத்தமா குடும்மா, சில்லறையா வாங்கி நான் என்ன பண்றது' என்பார்கள். அவர்களுக்கு வட்டி வந்தால் போதும். எங்களுக்குக் கொடுத்தவரிடம் என் வீட்டுக்காரரும் அவர் மச்சானும் போய் உட்கார்ந்து பேசி, ஐந்தாயிரம் சேர்ந்தால் அசலில் கழிக்க வேண்டும், கழித்ததைப் புரோநோட்டின் பின்பக்கம் தேதி போட்டு எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று ஒத்துக்கொள்ள வைத்தார்கள். நல்ல மனிதர் என்பதால் சம்மதித்தார், எல்லோரும் சம்மதிப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்பதற்கே வெட்கப்பட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் வட்டி மட்டும் கட்டுகிற குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன.

நகையைத் திருப்புவது பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் ஆண்கள் எழுதும் கட்டுரைகளில் இது வருவதில்லை. தாலிச் செயின் அடகில் இருக்கும்போது மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு இருப்போம். 'கயிறுதான் சாஸ்திரம், அதுதான் அழகு' என்று வெளியில் சொல்வோம். எதிர்வீட்டு அம்மாவுக்கு எல்லாம் தெரியும், அவரும் ஒருகாலத்தில் அப்படிச் சொன்னவர்தான். நான் செயினைத் திருப்பப் போன அன்று, கவுண்டரில் இருந்த பெண் சீல் வைத்த சின்னப் பையைப் பிரித்து, எடை போட்டு, சீட்டோடு சரிபார்த்துவிட்டு என் கையில் கொடுக்கும் முன்னால் சொன்னார், 'மேடம், இப்ப தங்கம் ஏறியிருக்கு, இதே நகைக்கு நீங்க முன்னாடி வாங்கினதைவிட நிறையவே எடுக்கலாம், அப்படியே மாத்தி வெச்சுடட்டுமா?' தங்கம் விலை ஏறினால் நமக்கு லாபம் என்று எல்லோரும் நினைக்கிறோம், அடகு வைத்தவருக்கு அது இன்னும் ஆழமாக இறங்க ஒரு படிக்கட்டு. அந்தக் கேள்விக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்குச் சில நொடி பிடித்தது, ஏனென்றால் அந்த மாதம் பையனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. செயினை அங்கேயே கழுத்தில் போட்டுக்கொண்டுதான் வெளியே வந்தேன். வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று பைக்குள் வைத்திருந்தால் மறுநாளே திரும்பப் போய் வைத்திருப்பேன் என்று எனக்கே தெரியும். பீரோ கதவில் அந்த ஒரு வரி முழுவதையும் கோடு போட்டு அடித்தவர் என் மாமியார்.

விசேஷங்கள். கடன் அடைக்கிற குடும்பத்தின் மனத்தையும் பணத்தையும் ஒரே நேரத்தில் ஆட்டுவது இதுதான், கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. தை பிறந்தால் கல்யாணம், அப்புறம் மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, புதுமனை புகுவிழா. ஆடியில்தான் பத்திரிகை வராமல் கொஞ்சம் மூச்சு விடலாம், அந்த மாதம் பார்த்து ஜவுளிக்கடைக்காரர்கள் தள்ளுபடி போட்டுவிடுகிறார்கள்! மொய் என்பது அன்பளிப்பு என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். நம் வீட்டு விசேஷத்துக்கு வந்தவர் எழுதியதை நோட்டில் பார்த்து, அதற்குக் குறையாமல் திருப்பி எழுத வேண்டும், அதுவும் ஒரு கடன்தான், வட்டி மட்டும் இல்லை. எங்கள் வீட்டில் செய்தது இதுதான்: மொய் நோட்டை எடுத்து, நாம் திருப்ப வேண்டியவை யார் யாருக்கு என்று தனியாக எழுதினோம். அவர்களுக்குத் தவறாமல் எழுதுகிறோம். மற்றவர் வீட்டுக்குப் போகிறோம், சாப்பிடுகிறோம், ஐந்நூறு எழுதிவிட்டு வருகிறோம். சீர் வரிசை, தாம்பாளம், பட்டுப்புடவை எல்லாம் இப்போதைக்கு இல்லை. முதல் விசேஷத்தில் பேசினார்கள். இரண்டாவதில் முணுமுணுத்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. ஒரு அத்தை மட்டும் இன்னும் பேசுகிறார், அவர் எப்போதுமே அப்படித்தான்.

குழுக் கடனைப் பற்றிப் பேசாமல் கடலூர் மாவட்டத்துக் கடனைப் பேச முடியாது. யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார வைத்துத் தவணை வாங்குகிறார்கள், ஒருத்தி வராவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து போட வேண்டும், பணம் போவதை விடத் தோழிகள் போவதுதான் இதில் வலி. எங்கள் பக்கம் மீனவர் வீடுகள் அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த இரண்டு மாதமும் தவணைத் தேதி வழக்கம்போல வந்துவிடும். நிவாரணம் வரும், எப்போது வரும் என்பது வேறு. தடைக்காலம் என்று ஒன்று வருஷா வருஷம் வருவது எல்லோருக்கும் தெரிந்திருக்க, கடன் கொடுக்கும் நிறுவனங்கள் அந்த மாதங்களில் தவணையைச் சின்னதாகவும் சீசனில் பெரிதாகவும் வைத்தால் என்ன? முந்திரி, பலா சீசனை நம்பி இருக்கும் பண்ருட்டிப் பக்கத்துக்கும் இதே கேள்விதான்.

இங்கே பெண்களுக்குத் தெரிய வேண்டிய சில விதிகளை உங்கள் பத்திரிகை பெரிய எழுத்தில் போட வேண்டும். வருஷ வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கு அடமானம் இல்லாமல் தரும் இந்த மாதிரிக் கடனுக்கு 2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கியின் விதி வந்தது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காகத் தொந்தரவு செய்யக் கூடாது. பேசி வைத்த இடத்துக்கு நாம் இரண்டு தடவை தொடர்ந்து போகாமல் இருந்தால்தான் அவர்கள் வசூலுக்கு வீட்டுக்கு வரலாம். எங்கள் குழுவுக்கு வரும் தம்பியிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டு, 'அக்கா எங்க படிச்சீங்க' என்றான். அடுத்த வாரத்திலிருந்து இருட்டிய பிறகு போன் வருவது நின்றது. மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025-ல் நம் சட்டமன்றத்திலும் ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள், 2003-ல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது.

ஒளிக்கிற கடன் பற்றி. மனைவிக்குத் தெரியாமல் கணவர் ஜாமீன் போட்டது, கணவருக்குத் தெரியாமல் மனைவி எடுத்த குழுக் கடன், பெற்றோருக்குத் தெரியாமல் பையன் போனில் வாங்கியது. ஒரு வீட்டில் ஒருவர் வயிற்றைக் கட்டி அடைத்துக்கொண்டிருக்க இன்னொருவர் ரகசியமாக வாங்கிக்கொண்டிருந்தால் யாருக்கு மனம் வரும்? இதற்குச் சண்டை போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சிபில் மாதிரியான கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு இருக்கின்றன, ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எடுத்துப் பாருங்கள், ஜாமீன் கையெழுத்து உட்பட வந்துவிடும். கைமாற்றும் வட்டிக்கடையும் அதில் வராது, அதை வாயால்தான் சொல்ல வேண்டும். பிள்ளைகளிடமும் ஓரளவு சொல்லலாம் என்பது என் கருத்து, என் வீட்டுக்காரருக்கு அதில் இன்னும் ஒப்புதல் இல்லை. பெண் எட்டாவது படிக்கிறாள், பீரோ கதவை அவளும்தான் திறக்கிறாள், இதில் சொல்ல என்ன பாக்கி இருக்கிறது?

எவ்வளவு ஒழுங்காகப் போனாலும் ஒரு மழை போதும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது, அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் பெண்ணையாற்றில் வந்து நம் மாவட்டத்தில் ஊர் ஊராகப் புகுந்தது நினைவிருக்கும். நமக்கு ரேஷன் கார்டுக்கு 2,000 நிவாரணம், ஆற்றைத் தாண்டி புதுச்சேரியில் 5,000, அது ஒரு தனிப் புலம்பல். அந்த மாதம் பல வீடுகளில் தவணை நின்றது. நின்ற மாதத்தை விட அதற்கு அடுத்த மாதம்தான் ஆபத்து, ஒன்று போனதுதானே, எல்லாம் போகட்டும் என்று தோன்றும். அப்படித் தோன்றுவதற்கு முன்னால் வங்கிக்குப் போய்ப் பேசிவிட வேண்டும். பேரிடர் வந்த பகுதிகளில் தவணையைத் தள்ளி வைக்கவும் மாற்றி அமைக்கவும் வங்கிகளுக்கு வழி உண்டு, ஆனால் அது தானாக நடக்காது, எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டும். போன் எடுக்காமல் ஒளிவதுதான் எல்லாவற்றையும் கெடுக்கும். பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் கேட்கலாம். வழக்கு என்று நோட்டீஸ் வந்தால் 15100-ல் சட்ட உதவி கிடைக்கும், பெண்களுக்கு அது இலவசம். கடன் நெருக்கடியில் உயிரை விட்டுவிடலாம் என்று நினைப்பு வருகிறவர்கள் 14416-ஐ எந்த நேரத்திலும் கூப்பிடலாம், பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. நம் பத்திரிகைகளில் அந்தச் செய்திகளுக்குக் கீழேதான் இந்த எண்ணைப் போடுகிறார்கள், கடன் கட்டுரைக்குக் கீழேயும் போடுங்கள்.

கொஞ்சம் நல்லதும் சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாக அசலில் கட்டினால், நான் மேலே சொன்ன 20 வருஷக் கடனில் மூன்றரை வருஷம் போலக் குறைந்துவிடும். மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு இப்படி முன்கூட்டிக் கட்ட வங்கி அபராதம் கேட்கக் கூடாது. தீபாவளி போனஸ் வருகிறவர்கள் பாதியையாவது அப்படிப் போடலாம். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஆயிரத்தை என் தோழி ஒருத்தி தொடாமல் சேர்த்து அப்படியே அசலுக்குப் போடுகிறாள். கட்டும்போது 'இது அசலுக்கு, காலத்தைக் குறையுங்கள்' என்று எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தவணைக்கு முன்பணமாக வைத்துக்கொண்டுவிடுவார்கள். போட்ட மறுநாள் பாக்கியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரே நாளில் இவ்வளவு இறங்குமா என்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய் ஒரு பொட்டலம் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வருவதை நாங்கள் நிறுத்தவில்லை, நிறுத்தப்போவதும் இல்லை, கட்டுரையாளர் மன்னிக்கவும்.

உங்களிடம் கேட்பது இதுதான். மாவட்ட முன்னோடி வங்கி அதிகாரிகளைச் சந்தித்து, ஒவ்வொரு தவணைச் செய்தியிலும் அசல் பாக்கி எவ்வளவு என்று தமிழில் ஒரு வரி சேர்க்க என்ன தடை என்று உங்கள் நிருபரைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். குழுக் கடன் கொடுப்பவர்களின் அட்டையிலும் அந்தக் கட்டம் வரட்டும். தங்கம் விலையைத் தினமும் முதல் பக்கத்தில் போடுகிறீர்கள், அதன் பக்கத்தில் வாரத்தில் ஒரு நாள் அந்த 9 மணி, 6 மணி விதியையும் மேலே சொன்ன எண்களையும் போடுவதற்கு அதிக இடம் பிடிக்காது. கட்டுரையாளர் அடுத்த வாரம் 'சேமிப்பை எங்கே முதலீடு செய்வது' என்று எழுதப்போவதாகக் குறிப்பு இருந்தது. எங்கள் தெருவுக்கு அது இப்போதைக்கு வேண்டாம், நகை அடகுச் சீட்டை எப்படிப் படிப்பது, எந்தத் தேதி தாண்டினால் நகை ஏலத்துக்குப் போகும், அதற்கு முன் நோட்டீஸ் வர வேண்டுமா என்று எழுதச் சொல்லுங்கள், கத்தரித்து வைத்துக்கொள்கிறோம்.

பெயரைப் போட வேண்டாம், அந்த அத்தை உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கடலூர் முதுநகர்.